அந்த ஒரு இரவுக்குப் பயந்து அடுத்த தவணையை விடலாமா?

கேள்வி: பிரசவத்துக்காக ஏற்காடு மலையில் இருக்கும் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறேன். கணவர் சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். மகளுக்கு எட்டு வாரம் முடிந்துவிட்டது. ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை, துணை சுகாதார நிலையத்தில் மூன்று ஊசியும் இரண்டு விதச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். காலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னது என்னைத்தான். பிடித்தேன். வீறிட்டு அழுதபடியே என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. "காய்ச்சல் வரும், மருந்து கொடுங்கள்" என்று சொன்னதோடு அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் காய்ச்சல் 101. இரவு இரண்டு மணி வரை விட்டு விட்டு அழுதாள். நடுவில் பால் மட்டும் குடித்தாள். இடது தொடை வீங்கிக் கல்லாகிவிட்டது. அடுத்த வாரமே, பிறந்தபோது தோளில் போட்ட ஊசியின் இடம் பழுத்துச் சீழ் கோத்துக்கொண்டது. "இவளுக்கு ஊசி சேரவில்லை, இனி வேண்டாம். திருவள்ளூரில் ஊசி போட்டுக் குழந்தைகள் செத்ததை மறந்துவிட்டாயா?" என்கிறார் அம்மா. மாமியாரோ, "சேலத்துக்கு வா, தனியார் ஆஸ்பத்திரியில் வலிக்காத ஊசி போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். பத்தாவது வார ஊசியைத் தள்ளிப்போடலாமா? இப்போது லேசாக மூக்கும் ஒழுகுகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

பதில்: தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் ஊசியை நிறுத்த வேண்டிய காரணம் ஒன்றுகூட இல்லை. ஆனால் பயப்படக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊசி போட்ட இரவு எப்படி இருக்கும் என்பதை யாரும் உட்கார வைத்து உங்களுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்வதும் ஊசி போடுவதில் ஒரு பாதி. எந்த ஊசி, எந்த நோய்க்கு, என்ன தொந்தரவு வரலாம், அடுத்து எப்போது வரவேண்டும், அட்டையைப் பத்திரமாக வைக்கவேண்டும் என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்லி அனுப்பவேண்டும் என்பதும், அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்கவேண்டும் என்பதும் நம் திட்டத்தின் எழுதப்பட்ட விதிகள். புதன்கிழமைக் கூட்டத்தில் முதலில் காணாமல் போவது இந்தப் பேச்சுதான். செவிலியர் ஒருவர், வரிசையில் இருபது குழந்தைகள் என்றால் அப்படித்தான் ஆகும். ஆனாலும் அதன் விலையை ஒரு தாய் இரவு இரண்டு மணி வரை விழித்துக் கொடுக்கிறாள்.

முதலில் அந்தத் தொடையைப் பார்ப்போம். இடது தொடை என்று நீங்கள் எழுதியதிலிருந்தே அது பெண்டாவேலன்ட் என்று தெரிகிறது. அரசுத் திட்டத்தில் எந்த ஊசி எந்த இடத்தில் என்பது நாடு முழுவதும் ஒன்றுதான். ஆறாவது வாரத்தில் இடது தொடையில் பெண்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியாவுக்கு எதிரான பிசிவி, வலது மேற்கையில் தோலுக்குள் மிகச் சிறிய அளவில் போலியோ ஊசி. வாய்வழியாகப் போலியோ சொட்டு இரண்டு துளி, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்து. பெண்டாவேலன்ட் என்பது ஐந்து நோய்க்கு ஒரே ஊசி: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் கிருமி. 2011 டிசம்பரில் இந்த ஊசியை அரசு கொண்டுவந்தபோது நாட்டிலேயே முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று; மற்றது கேரளம்.

இந்த ஐந்தில் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் பெரும்பாலும் காரணம் கக்குவான் பகுதிதான். அதில் கொல்லப்பட்ட கக்குவான் கிருமி முழுதாக இருக்கிறது. உயிரில்லாத கிருமி நோயைத் தராது; ஆனால் உடம்பு அதை எதிரியென்று அடையாளம் கண்டு வேலை தொடங்கும்போது சூடு ஏறுகிறது, ஊசி இறங்கிய தசை வீங்குகிறது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் தொடங்கும் இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் அடங்கிவிடும். தொடையில் கட்டி மட்டும் சில வாரம்கூடத் தடவினால் கைக்குத் தட்டுப்படலாம். வலி இல்லாமல், பெரிதாகாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்குப் பிறகும் சிவந்து, சூடாகி, பெரிதாகிக்கொண்டே போனால்தான் காட்டவேண்டும்.

குளிப்பாட்ட வரும் பாட்டியிடம் இதைச் சொல்லிவையுங்கள். ஊசி போட்ட ஓரிரு நாள் அந்தத் தொடையில் எண்ணெய் போட்டு நீவுவது, காலை மடக்கி நீட்டுவது, சுடு ஒத்தடம், தைலம் எதுவும் வேண்டாம். குளிக்க வைக்கலாம், தவறில்லை. ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேலே வைத்தால் போதும்.

தோளில் இருக்கும் சீழ்க்கட்டி வேறு கதை. அதற்கும் ஆறாவது வார ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. பிறந்தவுடன் இடது மேற்கையில் போட்டது பிசிஜி. சென்னை கிண்டியில் இதற்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் 1948 முதல் இருக்கிறது. அவ்வளவு பழைய தடுப்பூசி. குழந்தைகளுக்கு மூளையில் வரும் காசநோயையும், உடம்பெங்கும் பரவும் காசநோயையும் தடுப்பதுதான் இதன் முக்கிய வேலை. போட்ட அன்று ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் எழும்பும், பழுக்கும், உடையும், காய்ந்து தழும்பாகும். பழுக்கிற வேளையும் முதல் பெரிய ஊசிகள் போடுகிற வேளையும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்வதால், இரண்டையும் முடிச்சுப் போட்டு "ஊசி சேரவில்லை" என்று சொல்லும் பாட்டிகள் சேலம் மாவட்டத்தில் உங்கள் அம்மா ஒருவர் மட்டுமல்ல. கிள்ளாதீர்கள், மஞ்சள் பூசாதீர்கள், களிம்பு வேண்டாம், கட்டுப் போட வேண்டாம். குளிப்பாட்டியதும் ஒற்றித் துடைத்தால் போதும். அதே பக்கத்து அக்குளில் நெறி கட்டி எலுமிச்சை அளவு வீங்கினாலோ, புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். (தழும்பே வராத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு மறுபடி போடத் தேவையில்லை.)

இனி உங்கள் அம்மா சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வது கட்டுக்கதை அல்ல. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதை நினைவில் வைத்திருக்கும் பாட்டியைப் 'படிக்காதவர்' என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. அந்தத் துயரத்துக்குப் பிறகு, ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதை மாநில அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே தாய்மார்கள் வரவேண்டியிருந்தது. மலைக்கிராமத்துத் தாய்க்கு அது எத்தனை தூரம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. துணை நிலையத்திலேயே போடும் வழக்கம் பிறகுதான் திரும்பியது.

உங்கள் அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தட்டம்மை ஊசியும் பிசிஜியும் பொடியாக வருபவை. அவற்றோடு வரும் நீர்மத்தில் கலந்துதான் போடவேண்டும். கலந்தபின் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடவேண்டும். கலந்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுத வேண்டும் என்பதும் விதி. ஒன்பதாவது மாதத்தில் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்குப் போகும்போது, "எத்தனை மணிக்குக் கலந்தீர்கள்?" என்று கேட்பது உங்கள் உரிமை, நல்ல செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார், குப்பியைத் திருப்பிக் காட்டுவார். பத்தாவது வாரத்துக்குப் போடப்போகும் பெண்டாவேலன்ட் அப்படியல்ல. அது கலக்கத் தேவையில்லாத, தயாராக வரும் திரவம்.

எந்த நிலையில் ஊசியை நிறுத்துவோம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் உங்கள் மகள் அந்தப் பட்டியலில் இல்லை என்பது புரியும். போட்ட சற்று நேரத்தில் உடம்பெங்கும் தடித்து, மூச்சுத் திணறி, துவண்டு போகும் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் அதே ஊசியை மறுபடி போடமாட்டோம். ஊசிக்குப் பின் ஒரு வாரத்துக்குள் மூளை பாதிக்கப்பட்டு நினைவு தப்பியிருந்தால் போடமாட்டோம். வலிப்பு வந்திருந்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளியே இல்லாமல் கதறியிருந்தாலோ, கொஞ்ச நேரம் துணிபோல் துவண்டு வெளுத்துக் கூப்பிட்டாலும் அசையாமல் இருந்திருந்தாலோ, மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். அவர்களிலும் பலருக்கு அடுத்த தவணை போடுகிறோம். விட்டு விட்டு அழுதது, நடுவில் பால் குடித்தது, 101 காய்ச்சல், தொடையில் கட்டி: இவை எல்லாம் வழக்கமானவை. மூக்கு ஒழுகுவதும் தடையல்ல. நல்ல காய்ச்சலோ மூச்சு வாங்கலோ இருந்தால் மட்டும், குணமானதும் போட்டுக்கொள்ளலாம்.

வலிக்காத ஊசி பற்றி மாமியார் சொன்னதிலும் பாதி உண்மை. தனியாரில் கிடைக்கும் அந்த வகையில் முழுக் கிருமிக்குப் பதில் கிருமியின் சில பகுதிகள் மட்டும் இருக்கும். காய்ச்சல் குறைவு, வீக்கம் குறைவு. ஊசி குத்தும் வலி என்னவோ அதேதான். விலை ஆயிரக்கணக்கில். ஆனால் கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பு, முழுக்கிருமி ஊசியில் நீடிக்கிற அளவுக்கு அதில் நீடிப்பதில்லை. ஆகவே, முதல் மூன்று தவணைக்கும் முழுக்கிருமி ஊசியையே நான் விரும்புகிறேன். காசு செலவழித்தால்தான் நல்ல மருந்து என்ற எண்ணம் சேலத்தில் வேரோடிக் கிடக்கிறது. தடுப்பூசியில் அதற்கு இடமில்லை. வசதியிருந்து மனம் அங்கேயே போனால் அதுவும் தவறில்லை. ஆனால் ஒரு தவணையைக்கூட விடாதீர்கள், ரோட்டாவும் பிசிவியும் அங்கே சேர்ந்து கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். கொலுசுப் பட்டறைக் கூலியில் அந்தச் செலவு வேண்டுமா என்பதை நீங்களும் உங்கள் கணவரும் பேசிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கக்குவான் பெரியவர்களுக்கு நீண்ட இருமல். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினை. அந்த வயதில் பல குழந்தைகள் 'கொக் கொக்' என்று இருமுவதுகூட இல்லை. மூச்சு நின்று நீலம் பாரிக்கும். வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவரிடமிருந்துதான் பெரும்பாலும் தொற்றுகிறது. ஒரு தவணையில் கிடைக்கும் பாதுகாப்பு அரைகுறை. அதை நிறைவாக்குவது பத்தாவது வாரமும் பதினான்காவது வாரமும்தான். ஏதோ காரணத்தால் தாமதமானாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் குழந்தை பாதிப் பாதுகாப்போடு இருக்கிறது.

இப்போது ஒரு நல்ல செய்தி. பத்தாவது வாரத்தில் ஊசி ஒன்றே ஒன்றுதான்: பெண்டாவேலன்ட். மற்ற இரண்டும், போலியோவும் ரோட்டாவும், வாயில் விடுபவை. போன தடவை மூன்று குத்து வாங்கியவளுக்கு இந்தத் தடவை ஒன்று. பதினான்காவது வாரத்தில்தான் மறுபடி மூன்று.

அந்தப் புதன்கிழமையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும், பாராசிட்டமால் சொட்டு மருந்தும் வாங்கி வையுங்கள். மலையில் இரவில் மருந்துக்கடை தேட முடியாது. காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். எடை பார்ப்பார்கள், அந்த எடையைச் சொல்லி, "காய்ச்சல் வந்தால் இந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி?" என்று கேட்டுப் பாட்டிலின் மேலேயே எழுதி வாங்குங்கள். கணக்கு, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நான்கரைக் கிலோ குழந்தைக்கு 45 முதல் 67 மில்லிகிராம் வரை வரும். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும் சொட்டு மருந்தில் இது அரை மில்லியை ஒட்டித்தான். சிரப்பின் வீரியம் வேறு, சொட்டு மருந்தின் வீரியம் வேறு. பாட்டிலை மாற்றி, அளவை மாற்றாமல் ஊற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கரைத்துக் கொடுக்கவே வேண்டாம். காய்ச்சல் வருமுன்னரே கொடுக்கத் தேவையில்லை. வந்தபின், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் கொடுக்கலாம்.

காலைப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பிடித்தது சரி. தளர்வாகப் பிடித்தால் ஊசி வழுக்கிக் கீறிவிடும். ஆனால் பிடிப்பதற்கு இன்னும் நல்ல வழி உண்டு: படுக்க வைக்காமல் மடியில் அணைத்து உட்காருங்கள், சொட்டு மருந்துகளை முதலில் முடிக்கச் சொல்லுங்கள், பிறகு பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஊசி போடச் சொல்லுங்கள். தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு வலி குறைவாகத் தெரியும் என்பது ஆராய்ச்சியில் உறுதியானது. சொட்டு மருந்து கொடுத்து அரை மணி நேரம் பால் தரக்கூடாது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அப்படி விதி இல்லை. அவள் உங்கள் முகத்தைப் பார்த்தது குற்றம் சாட்ட அல்ல. ஆறு வாரக் குழந்தை வலிக்கும்போது தேடத் தெரிந்த ஒரே முகம் அது.

அரை மணி நேரம் அங்கேயே இருங்கள், பஸ்ஸுக்கு நேரமானாலும். பிறகு வீட்டில் ஒரு முக்கியமான விஷயம், இது சமவெளிக்காரர்களைவிட உங்களுக்கே அதிகம் பொருந்தும்: குளிர் என்று ஸ்வெட்டர், குல்லா, இரண்டு கம்பளி என்று சுற்றிவிடுகிறார்கள். காய்ச்சல் குழந்தையை இப்படிப் பொட்டலம் கட்டினால் சூடு வெளியேற வழியின்றி இன்னும் ஏறும். ஒரு பருத்திச் சட்டை, மேலே ஒரு மெல்லிய போர்வை போதும். கைகால் சில்லென்று இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மார்பையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். சாம்பிராணிப் புகை அன்று மட்டுமல்ல, என்றைக்குமே வேண்டாம். அடிக்கடி பால் கொடுங்கள்.

சாதாரண நாளில் மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். ஊசி போட்ட முதல் இரண்டு நாளுக்கு மட்டும்தான் விலக்கு, அதுவும் குழந்தை பால் குடித்து, விழித்துப் பார்த்து, தூக்கினால் அடங்கும்வரை. 102-ஐத் தாண்டினால், இரண்டு நாளுக்குப் பிறகும் காய்ச்சல் நீடித்தால், பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டால், இடைவிடாமல் கதறினால், வலிப்பு வந்தால், மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம். ரோட்டா மருந்துக்குப் பின் ஒரு வாரத்துக்குள் அடிக்கடி வாந்தி, முழங்காலை மடக்கி வீறிடுவது, மலத்தில் ஜெல்லி போல ரத்தம் என்று வந்தால் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டிருக்கலாம். மிக அரிது, ஆனால் மணிக்கணக்கு முக்கியம். மலையில் இருப்பவர்களுக்கு என் அறிவுரை, சந்தேகம் வந்தால் இருட்டுவதற்கு முன்பே முடிவெடுங்கள் என்பதுதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளை இரவு மூடுபனியில் இறங்கும் நிலைக்குப் போகவேண்டாம். ஏற்காடு அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது, அவசரத்துக்கு 108. வெறும் சந்தேகம் என்றால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம். செவிலியரின் கைபேசி எண்ணையும் அன்றே வாங்கி வையுங்கள்.

உங்கள் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய கேள்வியை அவரே செவிலியரிடம் கேட்கட்டும். பதினான்காவது வாரத்துக்குள் சேலம் திரும்பிவிடுவீர்கள் என்றால், புறப்படுமுன் ஏற்காட்டுச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள், செவ்வாய்பேட்டைப் பகுதி நகர்ப்புற சுகாதார நிலையத்தில் தாய் சேய் அட்டையைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். தவணை எந்த ஊரில் தொடங்கினாலும் எந்த ஊரிலும் தொடரலாம். மகப்பேறு நிதி உதவி பெறுபவர் என்றால் அதன் தவணையும் இந்தப் பதிவோடு சேர்ந்ததுதான். அதனால் அட்டையைப் பெட்டியில் அடுக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு இறங்குங்கள்.